ஒற்றைப் புழுவின் தலை

எலிகளின் குடலைக் கிழித்து, உள்ளே இருக்கும் உருளைப்புழுக்களைப் பொறுக்கி, எது எந்த இனம் என்று சொல்வது அலிப்பூர் விலங்கியல் ஆபீஸில் என் உத்தியோகம். எழுபதுகளில் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த தமிழர்களில் இப்படியொரு பிழைப்பு வேறு யாருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் குளிக்காமல் அடுக்களைப் பக்கம் போகக் கூடாது என்பது லேக் கார்டன்ஸ் வீட்டில் என் மனைவி போட்ட சட்டம்.

ஜாதவ்பூரைத் தாண்டிய வயலில் பிடித்த ஒரு பெருச்சாளிக்குள் ஒரே ஒரு ஆண் புழு கிடைத்தது. சூடான ஸ்பிரிட்டில் போட்டதும் நூல்துண்டு மாதிரி நிமிர்ந்தது. ஆண் புழுவின் வால் நுனியில் இரண்டு முட்கள் இருக்கும்; இனம் பிரிக்க அவற்றின் நீளம் முக்கியம். இதில் ஒரு முள் பாதிதான் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. புது இனமென்றால் பெயர் வைக்கும் உரிமை எனக்கு.

"உன் பேரைத்தான் வைக்கப்போறேன்" என்றேன் மனைவியிடம்.

"புழுவுக்கா? வேற எதுவும் கிடைக்கலையா உங்களுக்கு?" என்று முகம் சுளித்தாள். மறுநாளே கீழ்வீட்டு பௌதியிடம், அதாவது வங்காளி அண்ணியிடம், பெருமையாகச் சொல்லிவிட்டாள். அப்புறம் தினமும் விசாரணைதான்: "என்னாச்சு என் புழு?"

ஒரு சந்தேகம் மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. முள் முறிந்துபோனதாகவும் இருக்கலாம். வாயிலுள்ள பற்களைப் பார்த்தால் எந்த இனம் என்று தெரிந்துவிடும். அதற்குத் தலையை வெட்டி, வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். தூசியளவு துண்டு, உருண்டால் போச்சு. வாலே போதும், வெட்டாமல் புது இனமென்று பத்திரிகைக்கு எழுதி அனுப்பு என்றார் மேலதிகாரி. யாரும் கேட்கப்போவதில்லை. எனக்குத்தான் பேனா ஓடவில்லை.

பிளேடால் வெட்டினேன். மைக்ராஸ்கோப்பில் தெரிந்தவை, எத்தனையோ எலிகளில் பார்த்துப் புளித்துப்போன பழைய இனத்தின் பற்கள். முறிந்த முள்ளை நம்பி மனக்கோட்டை கட்டியிருக்கிறேன். வெட்கத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. குப்பியில் பழைய பெயரை எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"வெட்டாம இருந்திருந்தா?"

"உன் பேர் வந்திருக்கும்."

அவள் அடுத்த பீன்ஸை எடுத்து நார் உரித்தாள்.

"இப்ப இருக்கற பேர் யாரோடது?"

"கண்டுபிடிச்ச வெள்ளைக்காரரோட பொண்டாட்டி பேராம்."

"அவர் தலையை வெட்டிப் பாத்தாரா?"

"பாத்துத்தான் படம் போட்டிருக்கார்."

"அப்ப அது அவளுக்கே இருக்கட்டும்" என்றாள். "நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க."