கீழே இருந்து வந்த இடி

ஏப்ரல் மாதத்தின் முதல் இடி கேட்டதும் எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடுவார்கள். என் அம்மா மட்டும் சமையலறைக்கு ஓடுவாள். அலமாரியில் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதற்குள் கொடியில் கிடக்கும் எங்கள் துணிகள் தொப்பலாக நனைந்துவிடும். பெங்களூர் காக்ஸ் டவுனுக்கு நாங்கள் குடிவந்த முதல் வருடம், கீழ்வீட்டு அம்மாள் இதைப் பார்த்துவிட்டு, "பாத்திரம் என்ன கரைஞ்சா போயிடும்?" என்று சிரித்தாள்.

பாத்திரம் கரையாதுதான். ஆனால் நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அங்கே சுரங்கத்தில், பல ஆயிரம் அடி ஆழத்தில், சில நேரம் பாறை தானாகவே வெடிக்கும். மேலே எங்கள் வீட்டில் தரை அதிரும், பாத்திரங்கள் உருளும். பெண்கள் விழுகிற பாத்திரத்தைப் பிடித்து வைத்துவிட்டு, மற்றதெல்லாம் போட்டது போட்டபடி சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். உள்ளே போனவர்கள் லிஃப்ட் கூண்டில் ஏறி மேலே வரும்வரை அங்கேயே நிற்பார்கள். என் அப்பா ஒவ்வொரு முறையும் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை வரவில்லை. அந்த வீட்டு அக்காவை அம்மா இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

ஆகவே இடியை நான் முதலில் அறிந்தது காதால் அல்ல, காலால். பள்ளி நூலகத்தில் கதைப் புத்தகங்கள் படிக்க ஆரம்பித்தபோது, எல்லாக் கதைகளிலும் இடி வானத்திலிருந்தே வந்தது எனக்கு அதிசயமாக இருந்தது. அதைக் கேட்டு மயில் ஆடியது, குடியானவன் சிரித்தான். ஒருவரும் எங்கேயும் ஓடவில்லை. இப்படியும் ஓர் உலகமா என்று வாயைப் பிளந்தேன். அந்த உலகத்தின் மேல் வந்த பொறாமையில்தான் புத்தகப் பைத்தியம் ஆனேன் என்று நினைக்கிறேன். இன்று ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். மழைப் பாட்டு எதையாவது நடத்தினால் குரல் கம்மிவிடும். "மேம் ஃபீல் ஆயிட்டாங்க" என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள்.

சுரங்கத்தை மூடியபின் அப்பா பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் காவலாளி ஆனார். பாதி ஆயுளை இருட்டில் கழித்த மனிதர், பலகாரக் கடை முன் நிற்கும் பிள்ளை மாதிரி வானத்தைப் பார்ப்பார். மேகம் திரண்டால் போதும், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். எதிரே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். மழை இருட்டில் அது இலைகளை மடித்துக்கொள்வதைப் பார்க்க அவருக்கு அலுத்ததே இல்லை.

"ஏ, இங்க வந்து பாரேன். வானம் எப்படி கறுத்துக்கிட்டு வருது பாரு!"

"நீங்களே பாருங்க. எனக்கு வேலை இருக்குது." அலமாரியைப் பிடித்தபடியே அம்மா பதில் சொல்வாள்.

"அதான் நான் மேல வந்துட்டேன் இல்ல? இன்னும் யாருக்காகப் பயப்படுற?"

அம்மா வரமாட்டாள். அப்பா சிரிப்பார், கூடவே இருமுவார். சுரங்கத் தூசி தந்த இருமல் அது. ஒரே ஒரு முறையாவது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து மழை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும் அதே ஆசை. அது நடக்கும் முன்னே இருமல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பெட்டியைக் கயிறு கட்டி இறக்கியபோது அம்மா அழவில்லை. குழியோரம் குனிந்து, "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாள். ஆறடி என்று யாரோ சொன்னார்கள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

இந்த ஏப்ரலில் ஒரு மாலை. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சட்டென்று இடித்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சமையலறையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. அவள் காத்து நின்ற ஆள் இனி வரப்போவதில்லை. இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்வாள்? துணி எடுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் நின்றது. முந்தானையில் கையைத் துடைத்தபடி அம்மா என்னைத் தாண்டி வராந்தாவுக்குப் போனாள். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் பின்னால் போய் நின்றேன். மரம் இலைகளை மடித்துக்கொண்டிருந்தது. ஒரு மின்னல் வானம் முழுக்கக் கிளைவிட்டு ஓடியது. அம்மா கண்ணை மூடவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளி நூலகத்தில் நான் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பேன்.

மறுபடியும் இடித்தது, முன்னைவிடப் பலமாக.

"பயமா இருக்காம்மா?" என்றேன்.

"இல்லடி. இது மேலதானே இடிக்குது," என்றாள். "உங்கப்பா கீழ பத்திரமா இருக்காரு."