குமிழி விட்ட வயல்

1961 ஐப்பசியில் வீரகத்திக்கு முப்பத்தொன்பது வயது. கையில் மூன்று ஏக்கர் வயலும் ஒரு மாரிகாலமும் இருந்தன. வன்னியில் கனகராயன்குளத்துக்கு அருகே அவரைக் குடியேற்றிய அரசாங்கம் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: முதல் காலபோகத்தில், அந்த மாரி விதைப்பிலேயே, நெல் விளைய வேண்டும். விளையாவிட்டால் காணி வேறொருவருக்கு.

அதுவரை யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில், பிறர் புகையிலைத் தோட்டங்களுக்குக் கிணற்றுத் துலா மிதித்து நீர் இறைத்தவர் அவர். அங்கே செம்மண்ணில் பச்சை இலைக் குழையைப் பசளையாகத் தாழ்த்தி மூடுவார்கள், மண் வளமாகும். இங்கும் அதையே செய்தார். காட்டுக் குழையை வெட்டிச் சுமந்து, களிமண் சேற்றில் மிதித்துப் புதைத்து, முளைநெல் விதைத்தார். பயிர் எழும்பியதும் வரம்பு முட்டத் தண்ணீர் கட்டினார்.

கார்த்திகையில் தண்ணீரில் குமிழிகள் கிளம்பின. பயிர் மஞ்சளாயிற்று.

செம்மண்ணுக்குள் காற்று உலாவும். நீர் மூடிய களிக்குள் அது போகாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே குழையைத் தின்று மீதேன் வாயுவை விடுகின்றன; கூடவே வேரைக் கருக்கும் நஞ்சும் ஊறுகிறது. நெல்வயல்களில் இப்படி எழும் மீதேன் பூமியைச் சூடாக்குகிறது என்று இன்று அளந்து சொல்கிறார்கள். வீரகத்தி கண்டது அழுகல் மணத்தையும் கறுத்த வேரையும்தான்.

அடுத்த வயல்காரர் ஏரம்பு, அந்த ஊரிலேயே பிறந்தவர், வரம்பில் வந்து குந்தினார்.

"என்ன அண்ணை, வயலிலை உலை வைச்சிருக்கிறியளோ? கொதிக்குது."

"பகிடியை விடும். இப்ப என்ன செய்யிறது?"

"வரம்பை வெட்டித் தண்ணியை விடுங்கோ. சேறு காஞ்சு வெடிக்கட்டும், வேருக்குக் காத்துப் போகும். பிறகு கட்டலாம்."

"இவ்வளவு தண்ணியையுமோ?"

"மழைத்தண்ணி தானே. நீங்களே இறைச்சனீங்கள்?"

இறைத்தே வளர்ந்தவருக்கு அதுதான் முடியவில்லை. காலையில் மண்வெட்டியோடு போவார். வரம்பில் நின்றுவிட்டுத் திரும்புவார்.

"வெட்டினீங்களோ?" என்று மனைவி இராசமலர் கேட்பார்.

"நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்குப் பயிர் நிக்குமோ?"

மார்கழி நடுவில் இராசமலரே போய் வரம்பை வெட்டினார். வீரகத்தி தடுக்கவில்லை, தண்ணீர் ஓடுவதைப் பார்க்க முடியாமல் மறுபக்கம் திரும்பி நின்றார். சேறு வெடித்தது, குமிழி அடங்கியது. கறுத்த வேர்கள் வெளுக்கவில்லை. மேட்டுப் பக்கம் ஒரு துண்டில் மட்டும் பயிர் பச்சையாக நின்றது.

தையில் காணி அதிகாரி வந்தார். வரம்பில் நின்றே பார்த்தார். வயலுக்குள் இறங்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

மாசியில் வீரகத்தியும் இராசமலரும் ஏரம்புவின் வயலில் கூலிக்கு நெல் அரிவு வெட்டினார்கள். சித்திரையில் மூன்று ஏக்கரும் வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டன.