மருமகளிடம் இருந்த டப்பா

தேனீப் பெட்டி வைத்துப் பிழைப்பதால் தெருவில் அவளுக்குப் பெட்டிக்காரம்மா என்றே பெயர். வாய் கொஞ்சம் நீளம். தேனை வாங்காமல் முகர்ந்து மட்டும் பார்ப்பவர்களிடம், "மூக்குக்குத் தனிக் காசு" என்பாள். அந்த வாய் இன்று பூட்டிக் கிடந்தது.

மற்ற பெட்டிகள் ஏற்கெனவே காலி. மிஞ்சிய ஒரே பெட்டியிலும் ராணி செத்துவிட்டது. அவசரமாகத் தேனடைச் சட்டத்தைச் செருகி நசுக்கியது அவள் கைதான். தேனீக்கள் பதறிப்போய், இருந்த புழுக்களில் ஒன்றைத் தேர்ந்து அதற்கு ராணிக்கூடு கட்டத் தொடங்கியிருந்தன. எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். செவிலித் தேனீக்கள் சுரக்கும் பாலைக் கடைசிவரை குடிக்கும் புழு ராணியாகும். பாதியில் தேனுக்கும் மகரந்தத்துக்கும் மாற்றப்பட்டது உழைத்தே சாகும். மரபணு இரண்டுக்கும் ஒன்றே. அதில் எது விழிக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்பதைச் சாப்பாடு தீர்மானிக்கிறது. ஒருத்திக்குக் கணக்கற்ற பிள்ளைகள், மற்றவளுக்கு ஒன்றுமில்லை.

ஆனால் பால் சுரக்கச் செவிலிகளுக்கு மகரந்தம் வேண்டும். விடாத மழையில் ஒரு தேனீகூட வெளியே போகவில்லை. பெட்டி வாசலில் வலை கட்டி, அவற்றின் காலில் வந்த மகரந்தத்தை முன்பே உதிர்த்து டப்பாவில் அடைத்திருந்தாள் பெட்டிக்காரம்மா. அந்த டப்பா இப்போது மருமகளின் அலமாரியில் இருந்தது. "தினம் ஒரு ஸ்பூன் சாப்பிடும்மா, குழந்தை தங்கும்" என்று கொடுத்ததும் அவள்தான்.

மருமகளின் அறை வாசலில் நின்றாள். கேட்டால் தன் பொய் உடையும். கேட்காவிட்டால் பிழைப்பு போகும்.

"அந்த டப்பா வேணும்மா."

"இன்னும் பாதி இருக்கே அத்தை. எதுக்கு?"

"பெட்டிக்கு. ராணி போயிடுச்சு."

"அப்போ எனக்கு?"

பெட்டிக்காரம்மா உண்மையை உடைத்தாள். "உனக்கு இது கேக்குமான்னு எனக்குத் தெரியாதும்மா. தேனீக்கு நடக்கறது உனக்கும் நடக்கும்னு நானா அடிச்சுவிட்டேன். நீ அழுததைப் பார்க்க முடியல."

மருமகளின் முகம் சுண்டிப்போனது. "இதை நம்பி டாக்டர் கொடுத்த சத்து மாத்திரையையே நிறுத்திட்டேனே அத்தை."

பெட்டிக்காரம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. மருமகள் டப்பாவை எடுத்தாள். மகரந்தத்தில் தேன் விட்டுப் பிசைந்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு அவளே பெட்டிவரை வந்து சட்டங்களின் மேல் வைத்தாள். அன்றைக்கே மாத்திரையையும் தேடி எடுத்தாள். மாமியாரிடம் மட்டும் பேச்சில்லை.

மழை விட்டு, புது ராணி பிறந்து, இணை சேர வெளியே பறந்து திரும்பியது. அது முட்டையிடுகிறதா என்று பார்க்கும் நாளில் மருமகளும் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள். மறுபடியும் ராணியை நசுக்கிவிடுவோமோ என்று பெட்டிக்காரம்மா தயங்கியதால் சட்டத்தை அவளே தூக்கி வெயிலில் பிடித்தாள்.

"முட்டை அத்தை! அறைக்கு அறை இருக்கு!"

அந்தக் குரலில் பொறாமை துளியும் இல்லை. திட்டியிருந்தால்கூடப் பெட்டிக்காரம்மா தாங்கியிருப்பாள். தொப்பி வலைக்குள் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.