அக்காவுக்கு வாங்கிய வெள்ளை

அப்பா இறந்த காலையில், ரவாங் வீட்டில் அவருடைய உடம்பின் சூடுகூட ஆறியிருக்காது. அதற்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் அண்ணனின் உத்தரவு வந்துவிட்டது. மறுநாள் மதியம் எடுக்கிறோம், எல்லோரும் வெள்ளையில் வர வேண்டும். கிள்ளானில் இருக்கும் சித்தப்பா மகள், ‘ஆஃப்-வைட் ஓகேயாண்ணே?’ என்று கேட்டாள். ‘ப்யூர் வைட் மட்டும்தான் லா. லைவ்ல நெறைய பேரு பாப்பாங்க’ என்று பதில் போட்டான். அப்பா கடைசியில் கஷ்டப்பட்டாரா என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

அண்ணனை மரியாதையாக எழுதத்தான் பார்க்கிறேன், வரவில்லை. சுபாங் ஜெயாவிலிருந்து ரவாங்குக்கு வர அவனுக்கு நான்கு வருடமாக நேரம் கிடைக்கவில்லை. தீபாவளிக்கு வருவான், அதுவும் கார் எஞ்சினை அணைக்காமல். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டவர் அக்காதான். சுங்கை பூலோவில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்து, அவருக்குக் கஞ்சி ஊட்டி, டயப்பர் மாற்றி, முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை புரட்டிப் போட்டவர். நான் சனிக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு போவேன். அதையும் ஒரு சேவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்குப் போய், வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் வெள்ளைப் பஞ்சாபி சூட் அள்ளிக்கொண்டு வந்தார். ஓரமெல்லாம் வெள்ளி லேஸ். இழவுக்கு எதற்கு லேஸ் என்று கேட்டால், பிளெய்ன் ஸ்டாக் முடிந்துவிட்டதாம். அக்காவின் அளவு அவருக்குத் தெரியாது. தன் கல்யாண ஆல்பத்தில் அக்கா ஒல்லியாக நின்றது ஞாபகத்தில் இருந்திருக்கிறது, அந்த அளவுக்கே வாங்கிவிட்டார். ஆல்பத்துக்குப் பிறகு அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

மறுநாள் எல்லோரும் பளபளவென்று வந்து இறங்கினார்கள். அண்ணன் மகனின் ஜிப்பாவில் விலைச்சீட்டு தொங்கியது. பெரியப்பா மகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அழுத கண்ணை மறைக்கிறானாம். அவன் அழுததை நான் பார்க்கவில்லை, சவப்பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு பக்கமாகத் திரும்பிப் படம் எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

எங்கள் குடும்பத்தில் பெண்கள் மின்சுடலைக்குப் போவதில்லை. வீட்டில் வாய்க்கரிசி போடுவதோடு சரி. பெட்டியை மூடிவிட்டால் அப்பாவின் முகம் அவ்வளவுதான். அக்கா வரிசையில் நின்றிருந்தார், கை நிறைய அரிசியோடு. உடம்பில் பழைய பூப்போட்ட கஃப்தான், நெஞ்சில் அப்பா கடைசியாகத் துப்பிய கஞ்சிக்கறை. முந்தின நாள் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்ததில் அவருக்கு மாற்றத் தோன்றவில்லை.

அண்ணி என் காதருகில் வந்து, “என்னம்மா இது, இப்படியா நிப்பாங்க? கேமரா ஓடுது” என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அண்ணியின் மூஞ்சிக்கு நேரே நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கும் அந்தக் கறை கூச்சமாக இருந்தது. என் வெள்ளையை நான் விடியற்காலையிலேயே அயர்ன் பண்ணி வைத்திருந்தேன்.

“அக்கா, போய் மாத்திட்டு வந்திருங்க. அஞ்சு நிமிஷம்தான்.”

“மூடிருவாங்களே?”

“நான் பாத்துக்கிறேன், போங்க.”

அக்கா என்னை நம்பி உள்ளே போனார். ஐந்து நிமிஷம் பத்தானது. அந்தச் சின்ன அளவு சட்டைக்குள் அவர் போராடிக்கொண்டிருந்திருக்கிறார். சவ வண்டிக்காரர் அண்ணனிடம், “பாஸ், ரெண்டு மணிக்கு நம்ம ஸ்லாட்டு. விட்டா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க” என்றார். அண்ணன் தலையாட்டினான். மூடியைத் தூக்கினார்கள். ‘இருங்க, அக்கா இன்னும் போடல’ என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். அந்த நேரம் பார்த்துக் கேமரா என் பக்கம் திரும்பியது. நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன்.

அக்கா வெளியே வந்தபோது கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். முதுகில் ஜிப் ஏறவில்லை, மேலே ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். கையில் அதே அரிசி. பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அண்ணன் படங்களைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினான். எல்லோரும் வெள்ளையில் நன்றாகத்தான் இருந்தார்கள்.

“அக்கா ஒரு படத்துலகூட இல்லையே, எங்க போனாங்க?” என்றான்.

“துணி மாத்தப் போயிருந்தாங்க” என்றேன். யார் அனுப்பியது என்று சொல்லவில்லை.

அதே கஃப்தானில் அக்கா எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். எனக்குப் பிடித்த மாதிரி, சீனி குறைத்து.