மூடியின் உள்பக்கம்

வியட்நாம் போர் முடிந்து சைகோன் நகரம் விழுந்த பிறகு நான் காவல் பார்த்த ஜவுளிக்கடை மூடிவிட்டது. போரில் நொறுங்கிய விமானங்களின் அலுமினியத் தகடு மலிவாகக் கிடைத்தது. அதைத் தட்டிப் பானை மூடி செய்து சந்தையில் விற்றேன். வெளிப்பக்கத்தை மட்டும் பளபளவென்று தேய்ப்பேன். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒரு மத்தியானம் என் மகளின் தொண்டையில் மீன் முள் குத்தி நின்றது. சின்னப் பிள்ளை. எச்சிலோடு ரத்தம் வந்தது. மனைவி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் காரைக்கால் அக்காவை இழுத்து வந்தாள். அக்கா முன்பு ஆஸ்பத்திரி நர்ஸ். இடுக்கியோடு வந்தார்.

கரண்ட் இல்லை. பிள்ளையை வாசலுக்குத் தூக்கிப்போனோம். முகத்தில் வெயில் பட்டதும் பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டாள். திருப்பி உட்கார வைத்தால் தொண்டை இருட்டு.

"டாக்டரு நெத்தியில கண்ணாடி கட்டியிருப்பாரு. அது வெளிச்சத்தைத் திருப்பி உள்ள அடிக்கும். கண்ணாடி எடு தம்பி" என்றார் அக்கா.

எங்கள் கண்ணாடி ரசம் போனது. வெளிச்சம் அதில் நிற்காமல் அந்தப் பக்கம் போயிற்று. ஒரு மூடியைப் பிடித்தேன். வெளிப்பக்கம் மேடு, வெளிச்சம் சுவரெல்லாம் சிதறியது. உள்பக்கம் குழிவு. ஆனால் மங்கல்.

"மேல மட்டும் மினுக்கி ஊரை ஏமாத்துறியா? உள்ளயும் தேய்யா!"

துணியில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தேன். பிள்ளை திணறுவது காதில் விழுந்தது. நிமிரவில்லை. மங்கல் விலகியது. மூடியை எதிரே பிடித்தேன். வெளிச்சம் குவிந்து வாய்க்குள் இறங்கியது.

"ஆட்டாதய்யா! அவளே ஆடாம இருக்கா."

அக்காவின் இடுக்கியில் முள் வந்துவிட்டது.

மூடியை அக்கா கையில் கொடுத்தேன்.

"பானை எங்க?" என்றார். மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த வாரமே பானையும் செய்து கொடுத்தேன். அக்கா ஊருக்குப் போனபோது இரண்டையும் எடுத்துப் போனார். அதன் பிறகு மூடிகளை இரண்டு பக்கமும் தேய்த்தேன்.

மகள் பெரிய படிப்புப் படித்தாள். ஒருநாள் சொன்னாள்:

"அப்பா, உலோகத்துக்குள்ள எலக்ட்ரான் எந்த அணுவுலயும் ஒட்டாம சுத்தும். வெளிச்சம் பட்டா அதுங்க ஆடும். ஆடி, வெளிச்சத்தை வெளியவே திருப்பி அனுப்பிடும். அதான் மினுங்குது."

"அப்ப சாம்பல் எதுக்கு?"

"சொரசொரன்னு இருந்தா வெளிச்சம் பல பக்கம் ஓடும். வழவழன்னு இருந்தா சேர்ந்து போகும்."

இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பாதிதான் புரிந்தது. நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.