டிரம்மில் மட்டும் ஓடிய மோட்டார்

பழைய படகு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற யாரும் அது ஓடவில்லை என்று சொல்வதில்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்களிடம் விற்றவனும் அதையேதான் சொல்லியிருப்பான். செகண்ட் ஹேண்டில் எதையாவது வாங்கிவிட்டுத் தூக்கமில்லாமல் புரளும் அன்பர்களே, இது உங்களுக்காக. ராத்திரி தூங்கும் வழக்கமே இல்லாதவன் என்பதால் உங்கள் வேதனை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே புரியும்.

கடற்கரை அண்ணா

புனேயில், வாகட் பக்கம் ஒரு அடுக்ககத்தில், நான் நைட் ஷிஃப்ட் ஜெனரேட்டர் ஆபரேட்டர். கரண்ட் போனால்தான் என் ஞாபகம் வரும் அங்கே குடியிருப்பவர்களுக்கு. பகலில் படுத்தால் தேவையில்லாத யோசனையெல்லாம் வரிசை கட்டி நிற்கும். அதற்குப் பயந்தே மிக்ஸி, தண்ணீர் மோட்டார், புல்வெட்டும் மிஷின் என்று கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றுக்கொண்டேன். படகு மோட்டார் மட்டும் கைக்கு வந்ததில்லை.

அதைக் கொண்டுவந்தவர் எங்கள் கேட்டில் காய்கறி விற்கும் சந்தோஷ். அணை தேக்கி வைத்த ஏரிக்கு அக்கரையில் அவர் ஊர். ரோட்டில் போனால் மலையைச் சுற்ற வேண்டும். படகில் கூப்பிடு தூரம். கொங்கண் மீனவர் ஒருவரிடம் பழைய மோட்டார் வாங்கிப் படகில் மாட்டியிருந்தார். மகள் வைஷாலியைப் பெண் பார்க்க வந்தவர்களை அதில் ஏற்றிக்கொண்டு போக, நட்டநடுத் தண்ணீரில் நின்றுவிட்டது. மதியம் முழுக்க வெயிலில் காய்ந்த மாப்பிள்ளை வீட்டார், மீன்படகு ஒன்று இழுத்துக்கொண்டுவர, புறப்பட்ட கரையிலேயே இறங்கிப் பெண்ணைப் பார்க்காமலே போய்விட்டார்கள். தீபாவளி கழித்து இன்னொரு இடம் வருகிறது. அதுவும் இப்படிப் போனால் மூன்றாவது இடம் வராது என்பது அவர் பயம்.

புனேயில் தெற்கத்தி ஆள் எவனாக இருந்தாலும் 'அண்ணா'தான். அண்ணா என்றால் சென்னை, சென்னை என்றால் கடல். "நான் தர்மபுரிக்காரன், பாவு. எங்க ஊர்க் கிணத்துலயே தண்ணி கிடையாது" என்றேன். நான் அவரை 'பாவு' என்பேன், அதுவும் அண்ணன்தான். எங்கள் இருவரில் தம்பி யாருமில்லை. அவர் கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து மோட்டாரை இறக்கி என் காலடியில் வைத்தார்.

"அடக்கமா பேசாதீங்க அண்ணா. கடல்ல பிறந்தவங்களுக்கு எங்க அணையெல்லாம் ஒரு வாளித் தண்ணி!"

வைத்தியம்

பிளக் அட்டைக்கரியாக இருந்தது. பெட்ரோலில் அளவாகக் கலக்க வேண்டிய ஆயிலை, மோட்டாருக்குத் தெம்பு வரட்டும் என்று, பிள்ளைக்கு நெய் ஊற்றுகிற மாதிரி ஊற்றியிருந்தார். கார்பரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாகிக் கிடந்தது. எல்லாவற்றையும் கழுவி, புது பிளக் போட்டு, என் அறைக்குப் பின்னால் ஒரு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் மோட்டாரை மாட்டிக் கயிற்றை இழுத்தேன். எடுத்தது. டிரம் தண்ணீர் பாதி வெளியே கொட்டும்வரை ஓடியது.

மறுநாளே போன். ஏரி நடுவில் நின்றுவிட்டதாம். மறுபடி வந்தது, பெட்ரோல் பம்பையும் ஹோஸையும் மாற்றினேன். டிரம்மில் ஓடியது, ஏரியில் நின்றது. அடுத்த தடவை எதை மாற்றுவதென்றே தெரியாமல் எதிரே உட்கார்ந்திருந்தேன், அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சின்ன டிரம்முக்குள் பிரமாதமாக ஓடி, வெளியே விட்டால் நின்றுவிடுகிற ஜென்மம். கொஞ்ச நேரத்தில் நான் மோட்டாரைப் பற்றித்தான் யோசிக்கிறேனா என்றே சந்தேகமாகிவிட்டது. சந்தோஷ் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பேசாம இந்த டிரம்மையே படகுல வெச்சுறலாமா அண்ணா?"

நான் பார்க்காத ஒன்று

ஷிஃப்ட் முடிந்த கையோடு ஏரிக்கே போனேன். கரையை விட்டுக் கிளம்பும்போது மோட்டார் நன்றாகத்தான் பாடியது. நடுவே போனதும் இருமியது, திணறியது, நின்றது. ஹோஸில் பெட்ரோலை அழுத்தி ஏற்றும் ரப்பர் உருண்டையைப் பிடித்தேன். சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது. பெட்ரோல் டாங்க்கின் பக்கங்களும் உள்வாங்கியிருந்தன. மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கயிற்றை இழுத்தேன், ஓடியது.

இந்த டாங்க்கை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கத்தரிக்காயில் பெட்ரோல் வாசனை ஏறிவிடும் என்று அதை மட்டும் சந்தோஷ் படகிலேயே விட்டுவிட்டு வருவார். நானும் என் கேனை வைத்தே ஓட்டிப் பார்ப்பேன். மூடி நடுவே காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும். அங்கே மஞ்சளும் குங்குமமும் நெய்யில் குழைந்து, அடுக்கடுக்காகக் காய்ந்து, வட்டமாக ஒரு பொட்டு! மோட்டார் வாங்கிய அன்றும், பிறகு சரியாகித் திரும்பிய ஒவ்வொரு முறையும் சந்தோஷின் மனைவி பூஜை போட்டிருக்கிறார். நின்றுபோன செய்தி வந்தால் அடுத்த பூஜை இன்னும் பலமாக. நான் வைத்தியம் பார்க்கப் பார்க்க அடைப்பு கெட்டியாகியிருக்கிறது.

சந்தோஷ் பொட்டையும் பார்த்தார், தூரத்தில் தெரிந்த தன் வீட்டையும் பார்த்தார்.

"இத நீங்களே அவகிட்ட சொல்லிருங்க அண்ணா. எனக்கு அந்த வீட்லதான் சோறு."

நெற்றி எது?

அவர் மனைவியை நான் வஹினி என்று கூப்பிடுவேன், நம் அண்ணிதான். மோட்டாரைக் கழற்றி எடுத்துவந்து திண்ணையில் இறக்கியதும் டீ கொண்டுவந்து வைத்தார். காற்றழுத்தம், வெற்றிடம் என்று என் அரைகுறை மராட்டியில் ஆரம்பித்தேன். அவர் முகம் இறுகியது. பெண்ணின் கல்யாணம் தன் கையாலேயே தள்ளிப்போனது என்று நான் சொல்வதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

கடைசியில், "வஹினி, மோட்டார் மூச்சு விடுற இடம் அது. மூக்கு. நெத்தி இங்க இருக்கு" என்று மோட்டாரின் மேல்மூடியைத் தட்டிக் காட்டினேன். அவர் உள்ளே போய்க் குங்குமச்சிமிழோடு வந்தார். மேல்மூடியில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூக்குக்கும் நெத்திக்கும் வித்தியாசம் தெரிய வைத்தியருக்கே இத்தனை நாள் ஆச்சு. நான் எப்படிக் கண்டேன்?"

கண்டே போஹே

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, பத்திரத்துக்கு நானும் படகில் ஏறிக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, முந்தைய கதையை முழுதாகக் கேள்விப்பட்டவர் போல் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். நடு ஏரி வந்தது. மோட்டார் இருமவில்லை. நான் மூச்சு விட்டேன்.

அப்போது எதிரே துடுப்புப் போட்டபடி ஒரு சின்னப் படகு. வைஷாலி! பெண் பார்க்கும் பட்டுச்சேலையை இடுப்பில் செருகியிருந்தாள். எப்படியும் நடுவில் நிற்கத்தான் போகிறது, வந்தவர்கள் பட்டினியாகக் காயக் கூடாது என்று கண்டே போஹேயைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெங்காயம் போட்ட அவல் அது. பெண் பார்க்கும் சடங்குக்கே இங்கே அதுதான் பெயர். சந்தோஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நானே நிறுத்தினேன். சூடான அவல் படகு விட்டுப் படகு வந்தது. மாப்பிள்ளை வெட்கத்தோடு இரண்டாம் முறை தட்டை நீட்டினான்.

சாப்பிட்டு முடிந்ததும் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே எடுத்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்னால் துடுப்புப் போட்டுப் போகிறவளைப் பார்த்தபடி மாப்பிள்ளையின் அம்மா, மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்தினார்:

"மோட்டார் ஓடினா ஓடட்டும், நின்னா நிக்கட்டும். பொண்ண எப்ப அனுப்புறீங்க?"

ஓடாதபோது ஊரே நம்மைத் தேடும், ஓடிவிட்டால் நமக்கும் சேர்த்து யாராவது அவல் வைத்திருக்கிறார்களா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே, அன்பர்களே, இந்தத் தொழிலின் சாரம்.