நொச்சிக் கரை

விரல்கள் நொச்சிக் குச்சியைத் தடவி, மொட்டு மேல்நோக்கி இருப்பதை உறுதி செய்துகொண்டன. ஏரிப் பக்கம் சற்றுச் சாய்த்து, ஒரு சாண் ஆழம் இறக்கி, சுற்றிலும் மண்ணை அழுத்தின. அடுத்த குச்சி முக்கால் அடி தள்ளி. மூன்று வரிசை முடிந்திருந்தது. இன்னும் ஐந்து.

1973 வைகாசி அது. தோட்டங்களுக்கு உயிர்வேலி கட்டிப் பிழைத்த வியாகுலத்துக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

கடத்தூருக்கு வடக்கே அந்த ஏரிக்கரையில் பஞ்சாயத்துப் பூங்கா இருந்தது. அலை கரையை அரிக்கிறதென்று கல்சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவரில் மோதித் திரும்பிய அலை அதன் அடிமண்ணையே தோண்டியது. இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஐப்பசி மழையில் சுவர் சாய்ந்தது. கீழே துணி துவைத்தவர்களை விரட்டிக் கரையேற்றிய காவல்காரர் சவரி மட்டும் ஏறவில்லை. அவர் வியாகுலத்தின் கணவர்.

பூங்காவை முள்கம்பி போட்டு மூடுவதென்று பஞ்சாயத்து முடிவெடுத்தது. அவர் காத்த இடம் பூட்டிக் கிடக்கக் கூடாதென்று, தலைவர் நஞ்சப்பனிடம் போய் நின்றாள்.

"ரெண்டு மழைக்காலம் குடுங்க. கரைய நான் நிறுத்தறேன்."

"கல்லே நிக்கல. செடியா நிக்கப்போவுது?"

"கல்லு அலையத் திருப்பி அடிக்குதுங்க. செடி வாங்கிக்கும்."

"ரெண்டாவது மழைல ஒரு அடி மண்ணு போனாலும் கம்பிதான், ஆமா."

கற்களை அகற்றி, செங்குத்துக் கரையைச் சரிவாக்கி, வெட்டிவேர் நட்டாள். முதல் மழையில் கரை அசையவில்லை.

அடுத்த சித்திரையில், தீர்த்தமலைக்கு நடந்து போகிறவர்களுக்கு ஊரார் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். தாகத்துக்கு ஒதுங்கிய வியாகுலத்திடம், பந்தலில் நின்ற தீர்த்தம்மாள் சொம்பை நீட்டினாள்.

"குடி அக்கா. எப்படி மணக்குது பாரு! பானைல வெட்டிவேரு போட்டிருக்குறம்."

ஒரு மிடறு இறங்கியது. சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க புடுங்குனீங்க?"

"நம்ம பூங்காவுலதான். நீ நட்டதா? ஐயோ, புண்ணியத்துக்குத்தான் வெச்சிருக்காங்கன்னு நெனச்சமே!"

கரை முழுக்கக் குழிகள். மழைக்கு ஐந்தரை மாதம் இருந்தது. வேரைத் தொடாதே என்று ஊரையே காவல் காக்க முடியாது. யாருக்கும் வேரில் ஆசையில்லாத செடியாக இருக்கவேண்டும் என்று அந்த வைகாசியில் நொச்சிக்கு மாறினாள். ஆவி பிடிக்கவும், பூச்சி வராமல் தானியத்தில் போடவும் அதன் தழைதான் வேண்டும். ஒடிக்க ஒடிக்க அது அடர்ந்து வளரும். நீரோரத்தில் நாணல் வைத்தாள். ஆடிக் காற்றில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள்.

ஐப்பசியில் ஐந்து நாள் அடைமழை. அடிவரிசை முழுவதையும் தண்ணீர் அடித்துப்போனது. இரண்டாவது வரிசையின் காலடியில் வண்டல் படிந்து நின்றது. மழை விட்டதும் நஞ்சப்பன் புங்கமரத்திலிருந்து கரை விளிம்புவரை கயிறு போட்டு அளந்தார். போன ஆண்டும் ஒன்பது முழம், இப்போதும் ஒன்பது முழம். மறுபடி ஒருமுறை அளந்துவிட்டு, கம்பி வேண்டாம் என்றார்.

கார்த்திகையில் புதிய காவல்காரன் மாதுவை வரிசை வரிசையாக அழைத்துப்போனாள்.

"தழ கேட்டா ஒடிச்சிக்கச் சொல்லுங்க. செடி அடிச்சுப்போன எடத்துல நாணலோட வேர்த்தூரு வையிங்க. தண்ணி ஏறுச்சுன்னா, எல்லாரோடயும் நீங்களும் மேல வந்துடணும்."

"வந்துடறங்க."

மாது குனிந்து, சாய்ந்திருந்த ஒரு செடியை நிமிர்த்தப் போனான்.

"அது சாஞ்சாப்லதான் இருக்கணும். விடுங்க," என்றாள் வியாகுலம். பிறகு கரையை அவனிடம் ஒப்படைத்தாள்.